ரப்பர் ஷீட்டு உருட்டிய பந்தய இன்ஜின்

கரட்டுத் தோட்டத்துக்கு இங்கிலீஷில் வேறொரு பெயர் உண்டு. லண்டனில் அதன் பங்குகளை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது வாயில் நுழைந்தது. சுங்கை சிப்புட்டிலிருந்து நாலு மைல் உள்ளே, சுண்ணாம்புக் கரடு ஒன்றின் அடியில் கிடந்ததால் நம்மவர்களுக்கு அது கரட்டுத் தோட்டம். 1926-இல் அங்கே முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, கங்காணி உடையப்பன் பெயர் கூப்பிட 'இருக்கேன்' என்று சொல்லி, அவர் வாயால் ஆளுக்கொரு வசவும் வாங்கிக்கொண்டு பால் வெட்டப் போனார்கள். வரிசையில் நிற்காத ஒரே ஆள் சன்னாசி.

சன்னாசிக்கு அந்த நேரத்தில் பால் ஸ்டோரில் வேலை இருந்தது. உறைந்த ரப்பர் பாலை ஷீட்டாக உருட்டும் ரோலர்களை ஓர் இன்ஜின் சுற்றியது; இன்ஜினைச் சன்னாசி சுற்றினான். சுற்றுகிற பிடியை அவன் கையில் எடுத்தால்தான் அது உயிர்க்கும். மற்றவர் கை பட்டால் உதைக்கும்.

அந்த வேலை அவனுக்குத் திறமையால் வந்ததல்ல. கப்பலை விட்டிறங்கிய முதல் ஆறு வருஷம் அவனும் மரம்தான் வெட்டினான். அவன் வெட்டிய மரங்களைப் பார்த்து, இவன் மரத்துக்குச் சவரம் பண்ணச் சொன்னால் கழுத்தை அறுக்கிறான் என்று கங்காணி சொல்லுவார். யுத்த காலத்தில் ஸ்டோரின் நீராவி பாய்லர் வெடித்துக் கீறல் விட்டது. புது பாய்லர் சீமையிலிருந்து வர வழியில்லை. அப்போதிருந்த துரை சண்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் விட்டுப்போன ஒரு மோட்டார் காரிலிருந்து இன்ஜினைக் கழற்றி ஸ்டோரில் சிமெண்டு மேடை போட்டு உட்காரவைத்தார்கள். முதல் வாரத்தில் அது மூன்று பேரின் மணிக்கட்டை ஒடித்தது. நாலாவதாக, கை போனாலும் தோட்டத்துக்கு நஷ்டமில்லாத ஆள் யார் என்று கங்காணி யோசித்துச் சன்னாசியை அனுப்பினார். சன்னாசி பிடியைச் சுற்றினான். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. கங்காணிக்கு அது இன்றுவரை ஆறாத ஏமாற்றம்.

பத்து வருஷம் அவன் அதோடு வாழ்ந்தான். அதன் இருமலிலிருந்தே எந்த சிலிண்டர் என்று சொல்லுவான். தேய்ந்த வாஷருக்கு மாட்டுத்தோல் வெட்டி வைப்பான். ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தாலும் இன்ஜினுக்குள் ஒரு துண்டு ரப்பர் வைக்கமாட்டான். பெட்ரோல் பட்டால் அது கொழகொழத்துப் போகும் என்பதைப் பங்குதாரர்களுக்கு முன்பே கண்டுபிடித்தவன் அவன். தோட்டத்திலேயே சுத்தமாக மரம் வெட்டுகிறவள் என்று பெயரெடுத்த அவன் பெண்டாட்டி இருளாயி, சாயங்காலம் அவன் லயத்து வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்பது 'இன்னிக்கு அது எப்படி இருந்துச்சு' என்பதுதான். பிறகுதான் அவன் சாப்பிட்டானா என்பது.

அந்த இன்ஜின் ஒரு பந்தய இன்ஜின் என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. மெதுவாக ஓடினால் அதற்குக் கோபம் வருகிறது என்பது தெரியும். பெரிய குடும்பத்தில் பிறந்து கெட்டுப்போனது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். நினைப்பு சரிதான்.

அந்த வருஷம் புதிதாக வந்த துரை ஆறடி மூன்றங்குலம். நெட்டைத் துரை என்று முதல் நாளே பெயர் வைத்தாகிவிட்டது. ஷீட்டுக்குப் புகைபோடும் கொட்டகைக்குப் பின்னால் கோழிகள் அடைந்துகொண்டிருந்த ஒரு நீளமான இரும்புக் கூட்டை அவர் பார்த்தார். இரண்டே இருக்கை. பின்னால் உருண்டையாகப் பெட்ரோல் தொட்டி. சைக்கிள் சங்கிலி போல், ஆனால் தொடைப் பருமனில், பக்கத்துக்கொரு சங்கிலி. கோழி எச்சத்தைக் கைக்குட்டையால் துடைத்து அவர் ஒரு செம்புத் தகட்டைப் படித்தார். அன்று சாப்பிடவில்லை. அடுத்த மூன்று வாரம் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் சீமைக்கும் அந்தக் காரின் இன்ஜின் எங்கே போயிருக்கும் என்று கேட்டுக் கடிதம் எழுதினார். பிறகு ஒரு நாள் ஷீட்டு ஈரமாக இருக்கிறது என்று கத்துவதற்காகப் பால் ஸ்டோருக்குள் நுழைந்தார்.

ரோலர்களுக்குப் பின்னால், நெற்றியில் சந்தனமும் செம்பருத்திப் பூவுமாக, அது இருமிக்கொண்டிருந்தது. துரை தொப்பியைக் கழற்றினார். ஸ்டோரில் இருந்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து வேலையை நிறுத்தினார்கள்.

தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். துரைக்கும் ஆட்களுக்கும் இடையே பேச்சு அவர் வழியாகத்தான் போய்வந்தது. அவர் சன்னாசியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "உலகத்தில இந்த மாதிரி இன்ஜின் மூண்டே மூண்டுதானாம், காணும். ஒண்டு கடலுக்குள்ள போச்சுதாம். ஒண்டு பிரான்சில ஒரு பிரபு வீட்டில கண்ணாடிக்குள்ள இருக்காம். மூண்டாவதால நீர் ஷீட்டு உருட்டியிருக்கிறீர்."

நாலு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் நாலு வால்வு, ஆக பதினாறு. 1912-இல் அப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. செய்து பிழைத்தவர்கள் அதைவிடக் குறைவு. துரை அதைக் காரில் மறுபடி ஏற்றி, பழையபடி ஆக்கி, அடுத்த மாதக் கடைசியில் ஈப்போவில் வெள்ளைக்காரர் கிளப் நடத்தும் மோட்டார் ஓட்டத்தில் விடப்போகிறார். ஸ்டோருக்குப் பினாங்கிலிருந்து புது இன்ஜின் வரும். அதை ஓட்ட ஆளும் அதோடேயே வருவான்.

சன்னாசி ஒரே ஒரு கேள்வி கேட்டான். கிராணி அதை இங்கிலீஷாக்கினார். துரையின் பதிலைத் தமிழாக்கினார். கார் ஈப்போவில் ஓடினால் சன்னாசி காரோடு இருக்கலாம். ஓடாவிட்டால் பெரட்டுக்கு வர வேண்டியது.

கங்காணி உடையப்பன் அன்றைக்கே ஒரு பழைய பால்வெட்டுக் கத்தியைச் சாணை பிடித்து, சன்னாசியின் லயத்து வாசலில் தொங்கவிட்டுவிட்டுப் போனார். பதினேழாம் நம்பர் ரப்பர்க் காட்டில் மரம் வெட்ட ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டுப் போனார். கரட்டு ஓரம், அட்டை அதிகம்.

பிரித்துப்போடும் வேலை கோழிக் கொட்டகையில் ஆரம்பமானது. ஒவ்வொரு சாமான் மேலும் இரும்பு உளியால் நம்பர் அடிக்க வேண்டும் என்றார் துரை. சன்னாசிக்கு நம்பர் படிக்கத் தெரியாது. அதைவிட, அந்த உடம்பில் உளி வைக்க அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் வேறு வழி செய்தான். முதல் சிலிண்டரின் சாமான்களுக்கு விபூதி, இரண்டாவதற்குக் குங்குமம், மூன்றாவதற்கு மஞ்சள், நாலாவதற்குச் சந்தனம். உள்ளே இழுக்கிற வால்வுக்கு ஒரு பொட்டு, வெளியே தள்ளுகிற வால்வுக்கு இரண்டு. கியர்பாக்ஸ் சாமான்களில் எந்த முகம் வலப்பக்கம் பார்க்க வேண்டுமோ அந்த முகத்தில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு தீற்று. நானூற்றுச் சொச்சம் சாமான்கள் கோணிச்சாக்கு விரித்த தரையில் வரிசையாகப் படுத்திருந்தன. துரைக்கு ஒரே சந்தோஷம். இந்த நாட்டு முறை நம் நாட்டு முறையைவிட மேலானது என்று அக்காவுக்குக் கடிதம் எழுதியதாகக் கிராணி சொன்னார். அவர் கடிதம் எழுதிய மை காய்வதற்குள் ஆயுத பூசை வந்துவிட்டது.

வால்வுகளுக்குப் புது ஸ்பிரிங் செய்ய ஈப்போவில் ஒரு சீனர் பட்டறைக்குத் துரையும் சன்னாசியும் போயிருந்தார்கள். இரண்டு நாள் ஆனது. தோட்டத்தில் வழக்கம்போலப் பால்வெட்டுக் கத்தி, வாளி, மண்வெட்டி, கிராணியின் சைக்கிள் எல்லாம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைத்து மாரியம்மன் கோவில் முன்னால் வைத்துக் கும்பிட்டாகிவிட்டது. அப்போதுதான் இருளாயிக்குக் கொட்டகை ஞாபகம் வந்தது. நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். சிலவற்றுக்கு விபூதி இருந்தது, குங்குமம் இல்லை. சிலவற்றுக்குச் சந்தனம் மட்டும். சிலவற்றில் வெறும் சுண்ணாம்பு. பத்து வருஷம் சோறு போட்ட இன்ஜினுக்கு அரைகுறைப் பூசை.

சன்னாசி திரும்பி வந்தபோது நானூற்றுச் சொச்சம் சாமான்களும் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து, ஒவ்வொன்றும் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தன. இடம் போதாததால் அளவு வாரியாகவும் அடுக்கியிருந்தார்கள்.

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவசரத்துல கெளம்பிட்டீங்க போல," என்றாள் இருளாயி. "அரகொறையா வச்சிருந்தீங்க. நாந்தான் முழுசா வச்சேன்."

துரை வந்தார். அழகாக இருக்கிறது என்று புகைப்படப் பெட்டியை எடுத்து இரண்டு படம் பிடித்தார். மூன்றாவது படத்துக்குக் குனிந்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. தோட்டத் துரைமார்களுக்கென்று ஒரு தமிழ்ப் புத்தகம் உண்டு. அதில் ஆட்களிடம் சொல்ல வேண்டியவை மட்டும் இருக்கும். வா, போ, வெட்டு, தூக்கு, திருப்பு, சோத்துக்கை, பீச்சாங்கை, நிறுத்து, சீக்கிரம், சோம்பேறி. நெட்டைத் துரைக்கு அதில் நாற்பது வார்த்தை மனப்பாடம். நாற்பதையும் அங்கேயே நின்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். எதற்கும் யாரும் வெட்டவோ தூக்கவோ இல்லை.

ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சன்னாசி வேறு வழியில்லாமல் ஒவ்வொரு வால்வாக எடுத்துப் பதினாறு குழியிலும் வைத்துப் பார்த்தான். சொந்தக் குழியில் வைத்தால் எச்சில் தொட்டுத் திருப்பும்போது ஒரு மாதிரி வழுக்கும். அந்நியக் குழியில் கரகரக்கும். காதை ஒட்டவைத்துக்கொண்டு ஒன்பது நாள் திருப்பினான். உதடும் விரலும் வீங்கிவிட்டன. பத்தாம் நாள் காலை இன்ஜினைக் காரில் ஏற்றிப் பிடியைச் சுற்றினான்.

பத்து வருஷமாக அது ரோலர் இழுக்கும் சத்தத்தைத்தான் தோட்டம் கேட்டிருந்தது. சும்மா விட்டால் அதன் குரல் என்ன என்று அன்றுதான் கேட்டது. பதினேழாம் நம்பர் காட்டில் இருந்தவர்கள் கரடு சரிகிறது என்று ஓடிவந்தார்கள். கோழிகள் அதற்குப் பிறகு ஒரு மாதம் முட்டையிடவில்லை. சன்னாசி கார் பக்கத்தில் நின்றுகொண்டு, பொண்ணு சடங்கான வீட்டுக்காரன் மாதிரி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மிஞ்சியது கியர்பாக்ஸ். அதில் பெரிய பல்சக்கரம் ஒன்று. இடப்பக்கமும் பொருந்தும், வலப்பக்கமும் பொருந்தும். சுண்ணாம்புத் தீற்று போய்விட்டது. இதற்குக் காதும் உதவாது. துரை பிரெஞ்சில் இருந்த ஒரு படத்தைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டுத் தோளைக் குலுக்கினார். சன்னாசி நேரே மாரியம்மன் கோவிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தான். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. சிவப்பு வந்தால் இடப்பக்கம். சிவப்பு வந்தது. இடப்பக்கமே பூட்டினான்.

ஓட்டத்துக்கு முந்தின நாள் காலையில் துரை ஏறி உட்கார்ந்து, முழங்கால் காதைத் தொட, முதல் கியரைப் போட்டார். கார் பின்பக்கமாகப் பாய்ந்து கிராணியின் சைக்கிள் மேல் ஏறி நின்றது. இரண்டாவது கியரில் அதைவிட வேகமாகப் பின்பக்கம் போனது. நாலு கியரும் அப்படித்தான். பின்னால் போவதற்கென்று இருந்த ஒரே கியரைப் போட்டால் மட்டும் மாட்டு வண்டி வேகத்தில் முன்னால் நகர்ந்தது.

அம்மன் இப்படிக் கைவிட்டுவிட்டாளே என்று சன்னாசி தலையில் கைவைத்தான். இருளாயிக்குப் பொறுக்கவில்லை.

"ஆத்தாளைச் சொல்லாதீங்க. நீங்க ஆத்தாளுக்கு எதுத்தாப்புல நின்னு கேட்டீங்க. அவளுக்கு எடப்பக்கம்னா ஒங்களுக்கு எந்தப் பக்கம்?"

கியர்பாக்ஸை மறுபடி பிரிக்க மூன்று நாள் வேண்டும். துரை கிளப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார், போகாமலிருக்க முடியாது. கிராணியும் அவரும் உட்கார்ந்து ஓட்டத்தின் விதிகளை இரண்டு தடவை படித்தார்கள். சக்கரம் எத்தனை, ஆள் எத்தனை, உடை என்ன என்பதற்கெல்லாம் விதி இருந்தது. கார் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு ஓட வேண்டும் என்பதற்கு இல்லை. அப்படி ஒரு சந்தேகம் யாருக்கும் வந்திருக்கவில்லை.

ஆனால் பின்னால் உருண்டைத் தொட்டி மறைத்தது. துரை கழுத்தைத் திருப்பினாலும் பாதை தெரியாது. தொட்டி மேல் ஒரு ஆள் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து வழி சொல்ல வேண்டும். இங்கிலீஷ் தெரிந்த ஆள் கிராணி ஒருவர்தான். "எனக்கு ஊரில கலியாணம் கட்டாத பெண்பிள்ளையள் மூண்டு பேர், காணும்," என்று சொல்லிவிட்டு அவர் நெளிந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியவன் சன்னாசி.

பந்து விளையாடும் திடலில் பழகிப் பார்த்தார்கள். யாருடைய இடது இடது என்று முதலில் தகராறு வந்தது. தோட்டத்தில் எல்லாமே துரையுடையது என்பதால் துரையின் இடதே இடது என்று முடிவானது. பிறகு சன்னாசி தொட்டி மேல் ஏறி, "தொர, கொஞ்சம் சோத்துக்கைப் பக்கமா ஒதுங்கிப் போனீங்கன்னா நல்லதுங்க தொர," என்று சொல்லி முடிப்பதற்குள் கார் சாக்கடையில் இறங்கிவிட்டது. இரண்டாம் தடவையும் அதே சாக்கடை. தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கிராணிதான் நோயைக் கண்டுபிடித்தார்.

"மரியாதையா நீர் கதைச்சு முடிக்க நேரம் காணாது. அவருக்கு விளங்கிறதும் அந்தப் புத்தகத்தில உள்ளதுதான். கங்காணி மாதிரிக் கத்தும், காணும்."

சன்னாசி கணக்குப் போட்டுப் பார்த்தான். கத்தாவிட்டால் கார் ஓடாது, பதினேழாம் நம்பர் காடு. கத்தினால் துரையை அதட்டிய கூலி என்று அந்தக் காடுகூடக் கிடைக்காது.

மறுநாள் ஒரு லாரியில் கயிறு கட்டிக் காரை ஈப்போவுக்கு இழுத்துப் போனார்கள். நேர்ச்சாலை அரை மைல், கடைசியில் ஒரு வளைவு. ஒரு பக்கம் பந்தலில் வெள்ளைக்காரர்கள், பக்கத்தில் ஈய லம்பம் தோண்டும் சீன முதலாளிகளான தவுக்கேமார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பக்கத்துச் சிலிபினிலிருந்தும் ரயில்வே குடியிருப்பிலிருந்தும் வந்த நம்மவர்கள், தோட்டத்து லாரியில் வந்த கங்காணியும் கிராணியும் உட்பட. ஏழு கார்கள், ஒவ்வொன்றாக ஓட வேண்டும். ஆறு கார்கள் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு ஓடி முடித்தன. ஏழாவதாக நெட்டைத் துரை வந்து, காரைத் திருப்பி, அதன் முதுகைச் சாலைக்குக் காட்டி நிறுத்தினார். பந்தலில் சிரிப்பு. கொடி இறங்கியது.

முதல் நூறு கஜம் சன்னாசி வாயே திறக்கவில்லை. கார் பனைமரம் ஒன்றை நோக்கிப் போனது. பனைமரம் பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்போது அவனுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. அது அவன் குரல் இல்லை. ஆறு வருஷம் பெரட்டுக் களத்தில் காலை தவறாமல் கேட்ட குரல்.

"டேய், சோத்துக்கைப் பக்கம்டா. இன்னும். இன்னும்டா, சோம்பேறி. கை என்ன வெளங்காமப் போச்சா? நிறுத்தாதே, போ. பீச்சாங்கை, பீச்சாங்கை. எரும, மரத்தை வெட்டச் சொன்னா வேரைப் பாக்குறியா? திருப்புடா."

துரைக்கு எல்லாம் விளங்கியது. சொன்ன இடத்தில் சொன்னபடி திருப்பினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சிலிபின்காரர்கள் போட்ட சத்தத்தில் இன்ஜின் சத்தமே கேட்கவில்லை. கங்காணி உடையப்பன் மட்டும் வாயைத் திறந்தபடி நின்றார். வளைவைத் தாண்டிக் கோட்டைக் கடந்து கார் நின்றபோது சன்னாசி இன்னும் ஏசிக்கொண்டிருந்தான். நிறுத்த அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முன்சக்கரம் கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு என்றொரு விதி இருந்தது. இந்தக் காரில் முன்சக்கரம் கடைசியாகத் தாண்டியது. அதில் போன நொடியால் மூன்றாவது இடம்தான், கோப்பை இல்லை. துரை இறங்கிவந்தார். முகம் சிவந்திருந்தது, ஆனால் அது வெயிலாகவும் இருக்கலாம். சன்னாசி கைகட்டி, தலை குனிந்து, இனி எந்தத் தோட்டம் என்று யோசித்துக்கொண்டு நின்றான். துரை கிராணியிடம் ஏதோ கேட்டார்.

"எரும எண்டா என்னவாம்," என்றார் கிராணி சன்னாசியிடம். "புத்தகத்தில இல்லையாம். நல்ல பலமான மிருகம் எண்டு சொல்லிப்போட்டன். நீர் வாயைத் திறவாதேயும்."

துரை தலையசைத்தார். வாக்கு வாக்குதான், கார் ஓடிவிட்டது. ஆனால் சன்னாசி நிமிர்வதற்குள் பந்தலிலிருந்து ஒரு ஈய லம்பத் தவுக்கே, வெள்ளைப் பட்டுச் சட்டை, வாயில் சுருட்டு, காரைச் சுற்றி இரண்டு தரம் நடந்துவந்து, விலை என்ன என்று கேட்டுவிட்டார். துரைக்குச் சிங்கப்பூரில் பார்த்து வைத்த இன்னொரு கார் ஞாபகம் வந்தது. பேச்சு சுருக்காக முடிந்தது. கார் கைமாறியது. சன்னாசி காரோடு இருக்கலாம் என்பதுதான் வாக்கு. துரையிடம் இப்போது கார் இல்லை. கூட்டத்துக்குள்ளிருந்து கங்காணி மெல்லச் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

தவுக்கே போகவில்லை. சுருட்டை எடுத்துவிட்டு மலாயில் கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொன்னார்.

"துவானை, அதுதான் துரையை, ஏசின ஆள் எங்க எண்டு கேக்கிறார். கார் தனிய வேண்டாமாம். அவனும் வேணுமாம். கார் ஓட்டுறதுக்கு ஆள் தெருவுக்குத் தெரு இருக்காம். துவானை ஏசுறதுக்கு பேராக் முழுக்க ஒராள்தானாம்."

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. ஈப்போக் கடைத்தெரு முழுவதும் ஒரு தடவை இப்படியே ஓட்டிக் காட்டும் வரை யாரும் கியர்பாக்ஸில் கை வைக்கக் கூடாது. நேராக ஓடும் கார் அவரிடம் ஏற்கெனவே நாலு இருந்தது. ஆக, ரிப்பேர் செய்யாமலிருப்பதற்காகச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட மெக்கானிக் என்ற பெருமை சன்னாசிக்கு வந்தது. அரசாங்க ரோட்டு இலாகாவில் அப்படி வேறு பலர் அப்போதும் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு அதைச் சொல்லி வேலை கொடுக்கவில்லை.

தோட்டத்துக்கு ஒரு மாதம் நோட்டீஸ் கொடுத்தான். அதுவரை கார் தோட்டத்திலேயே நிற்கட்டும் என்றார் தவுக்கே; சன்னாசி திடலில் அதை ஓட்டிப் பழகிக்கொண்டான். கடைசி நாள் காலை, இரும்புப் பெட்டி, பாய், பானை எல்லாவற்றையும் பக்கத்து இருக்கையில் ஏற்றிக் கட்டினான். பெரட்டு முடிந்திருந்தும் யாரும் காட்டுக்குப் போகவில்லை. கங்காணி உடையப்பன் கார் அருகே வந்தார்.

"ஏண்டா, அன்னிக்கு நீ ஏசுனது பூரா என் வார்த்தைல்ல?"

"ஆமாண்ணே," என்றான் சன்னாசி. "வேற எங்க போயிப் படிச்சேன் நான்."

கங்காணி, அந்தத் 'திருப்புடா' மட்டும் இன்னும் அடிவயிற்றிலிருந்து வர வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

தோட்டத்தை விட்டுப் போகிறவன் தோட்டத்துக்கு முதுகைத்தான் காட்டுவான். சன்னாசியின் கார் அப்படிப் போகாது. ஸ்டோர், லயம், கோவில், கையை ஆட்டுகிற முந்நூறு பேர் எல்லாம் அவன் கண்ணெதிரே சிறிதாகிக்கொண்டே போனார்கள். அவன் அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். தொட்டி மேல், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் இருளாயி.

"அங்கென்ன வேடிக்க? எதுக்க மாட்டு வண்டி வருது. பீச்சாங்கைப் பக்கம் ஒடிங்க. ஒடிங்கன்னா ஒடிக்கணும், ரோசன பண்ணக் கூடாது."

சன்னாசி ஒடித்தான்.